இழைச் சோதனையின் வரலாறு: சந்தையிலிருந்து பள்ளி ஆய்வகத்துக்கு

பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் அதிகப் பொருட்செலவின்றி நடத்தக்கூடிய சோதனைகளுள் துணிச் சோதனையும் ஒன்று. பருத்தி, கம்பளி, பட்டு, நைலான், பாலியஸ்டர் ஆகியவற்றின் சிறு துண்டுகளிலிருந்து இழைகள் உருவி எடுக்கப்பட்டு, இடுக்கியில் பிடிக்கப்பட்டுச் சாராய விளக்கின் சுடரருகே கொண்டு செல்லப்படுகின்றன. இழை சுடரைக் கண்டு சுருங்குகிறதா, உருகுகிறதா, சட்டெனப் பற்றிக்கொள்கிறதா, எழும் வாடை எத்தகையது, எஞ்சுவது சாம்பலா கட்டியா என்பவை குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டு, இறுதியில் இயற்கை இழை, செயற்கை இழை என்னும் இரு தலைப்புகளின்கீழ் முடிவு எழுதப்படுகிறது. இந்தச் சோதனை முறைகளுள் பெரும்பாலானவை ஆய்வறையின் அறிவு வேட்கையில் பிறந்தவை அல்ல. வாங்குபவரை விற்பவர் ஏமாற்றிய ஏதோ ஒரு சந்தையில், அந்த ஏமாற்றைப் பிடிப்பதற்காக வகுக்கப்பட்டவை. ஆகவே அவை எந்தப் போலியைப் பிடிக்கப் பிறந்தனவோ அதைப் பிடிப்பதில் கூர்மையாகவும், மற்றவற்றில் மழுங்கியும் இருக்கின்றன. பாடநூலின் இரு தலைப்புகளுக்கும் தீ தரும் விடைக்கும் முழுப் பொருத்தம் இல்லாமற் போவதற்குக் காரணமும் இந்தப் பிறப்பு வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

இழைகளைப் பற்றிய வழக்குகளுள் பழமையானது எடை பற்றியது. கச்சாப் பட்டு எடைபோட்டு விற்கப்படும் பொருள். அதே வேளையில் காற்றிலுள்ள ஈரத்தைத் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும் பொருள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்னும் அது கைக்கு நனைந்ததாகத் தோன்றுவதில்லை என்பதால், ஈரமான கிடங்கில் வைத்து விற்பவன் தண்ணீரைப் பட்டு விலைக்கு விற்க முடிந்தது. இந்தச் சச்சரவைத் தீர்க்க, பட்டு வணிகத்தின் தலைநகரான பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் 1805ஆம் ஆண்டு நெப்போலியனின் ஆணையால் அரசுச் சோதனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே பட்டின் ஈரம் அளவிடப்பட்டு, எந்த எடைக்கு விலை கொடுக்க வேண்டும் என்பதற்குச் சான்று வழங்கப்பட்டது. பின்னர் பட்டை முற்றிலும் உலர்த்தி எடைபோட்டு, அந்த உலர் எடையுடன் நூற்றுக்கு 11 பங்கைக் கூட்டினால் கிடைப்பதே வணிக எடை என்னும் வழக்கம் நிலைபெற்றது. உலர்ந்த இழை இயல்பான காற்றிலிருந்து ஏற்கும் ஈரத்தின் விழுக்காட்டை ஈர ஏற்பு என்று குறிப்பிடலாம். பருத்திக்கு இது சுமார் 8.5, பட்டுக்கு 11, கம்பளிக்கு 16க்கும் மேல், நைலானுக்கு 4, பாலியஸ்டருக்கு 0.4 என்ற அளவில் அமைகிறது. வெவ்வேறு துணித் துண்டுகளைக் குவளை நீரில் முக்கியெடுத்து, எஞ்சிய நீரை அளந்து, பருத்தி அதிகமாகவும் பாலியஸ்டர் குறைவாகவும் நீரை எடுத்துக்கொண்டதாக மாணவர்கள் எழுதும் சோதனை, லியோன் வணிகர்களின் பழைய வழக்கிற்கு உறவுடையது.

எடையிலிருந்து இழையின் அடையாளத்துக்கு வருவதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1665ஆம் ஆண்டு வெளிவந்த தமது 'மைக்ரோகிராபியா' நூலில் ராபர்ட் ஹூக் பட்டுத் துணியையும் பிற துணிகளையும் உருப்பெருக்கி வரைந்ததோடு, பட்டுப்புழு உமிழும் பசைபோன்ற ஒன்றைச் செய்து இழையாக இழுத்துவிட முடியாதா என்றும் வினவியிருந்தார். அக்கால நுண்ணோக்கியாளர்களுள் மற்றொருவரான லேவன்ஹூக் துணி வணிகராகவே வாழ்வைத் தொடங்கியவர். ஆயினும் ஓர் இழையின் பெயரை நுண்ணோக்கியால் ஐயமறச் சொல்லிவிட முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது, வணிகத்தோடு தொடர்பில்லாத ஒரு விவாதமே. எகிப்தியப் பிணப்பாடங்களை (மம்மிகளை)ச் சுற்றியிருந்த துணி பருத்தியா, ஆளி நாரால் ஆன லினனா என்பது பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்கள் பல பக்கங்களை எழுதினர். பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களைக் காட்டி அது பருத்திதான் என்று உறுதியாகக் கூறியவர்கள் அவர்களுள் உண்டு. கையால் தடவிப் பார்த்தவர்களும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

லங்காஷயரில் துணிக்கு அச்சிடும் தொழிலை நடத்திவந்த ஜேம்ஸ் தாம்சன் இந்த விவாதத்தில் ஆர்வம் கொண்டு, பிணப்பாடத் துணித் துண்டுகளைத் திரட்டி, கியூ தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ஓவியர் பிரான்சிஸ் பாவருக்கு அனுப்பினார். மலர்களின் மகரந்தத்தையும் விதைகளையும் நுண்ணோக்கியில் கண்டு வரைவதில் பாவருக்கு இணையானவர் அக்காலத்தில் அரிது. பருத்தியின் மயிரிழை காய்க்குள் நீர்நிறைந்த குழாயாக வளர்ந்து, காய் வெடித்து உலரும்போது தட்டையாகி, நீளத்தில் இடையிடையே முறுக்கேறுகிறது என்பதையும், ஆளி நார் உருளையாக, மூங்கிலில் இருப்பது போன்ற கணுக்களுடன் காணப்படுகிறது என்பதையும் அவர் வரைந்து காட்டினார். இந்த வேறுபாடு நூற்பதாலோ நெய்வதாலோ வெளுப்பதாலோ அழிவதில்லை. மூவாயிரம் ஆண்டு கல்லறையில் கிடந்தாலும் மறைவதில்லை. தாம்சன் சோதித்த பிணப்பாடத் துணிகள் அனைத்தும் லினனே என்ற முடிவு 1834ஆம் ஆண்டு அச்சில் வந்தபோது, நூலறிவைக் கொண்டு நடந்த நெடுங்கால விவாதம் சில மயிரிழைகளின் தோற்றத்தால் முடிவுக்கு வந்தது. கம்பளி இழையின் மேற்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செதில்களும், பசை நீக்கிய பட்டின் வழவழப்பான முக்கோண வெட்டுமுகமும் இதே முறையில் அடையாளங்களாயின. 1887ஆம் ஆண்டு வியன்னாவில் பிரான்ஸ் பான் ஹோனல் தொழிலுக்குப் பயன்படும் இழைகளின் நுண்ணோக்கியியலைத் தனி நூலாகவே எழுதினார். பள்ளிகளில் நுண்ணோக்கி இருந்தும் பருத்தி இழையின் முறுக்கைக் காட்டாமல், வெங்காயத் தோலோடு நிறுத்திவிடுவது வீணான வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

வேதிப்பொருள்களைக் கொண்டு செய்யும் சோதனைகள் பழந்துணிச் சந்தையிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள பாட்லி என்னும் ஊரில் 1813ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் லா என்பவர் கிழிந்த கம்பளித் துணிகளைப் பிய்த்து மீண்டும் நாராக்கி, புதுக் கம்பளியுடன் கலந்து நூற்று நெய்யும் முறையைத் தொடங்கினார். 'ஷாடி' என வழங்கிய இந்த மறுபயன் கம்பளி ஏழைகளுக்கு மலிவான குளிராடையைத் தந்தது. படைவீரர் சீருடையிலும் இடம்பெற்றது. ஆனால் பழந்துணியில் தையல் நூலாகவும் உட்துணியாகவும் பருத்தி கலந்திருந்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்துச் சூடாக்கினால் பருத்தி மட்டும் கருகிப் பொடியாக உதிர்ந்து கம்பளி கெடாமல் எஞ்சும் என்று கண்டறியப்பட்டபோது, பருத்தியை நீக்கும் தொழில்முறை ஒன்று கிடைத்தது. இதற்கு நேர்மாறானது காரச் சோதனை: எரிகாரம் எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடின் ஐந்து விழுக்காட்டுக் கரைசலில் துணியைக் கொதிக்க வைத்தால் கம்பளியும் பட்டும் சில நிமிடங்களில் கரைந்துவிட, பருத்தி அப்படியே கிடக்கும். தூய கம்பளி என விற்கப்பட்ட துணியில் எவ்வளவு பருத்தி உள்ளது என்பதை எஞ்சியதை உலர்த்தி எடைபோட்டே சொல்லிவிட முடிந்தது.

அமிலம் ஒன்றை அழிப்பதற்கும் காரம் மற்றொன்றை அழிப்பதற்கும் காரணம் இழைகளின் கட்டமைப்பில் இருக்கிறது. பருத்தியும் ஆளியும் செல்லுலோஸ், அதாவது சர்க்கரை அலகுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். அமிலம் அந்தக் கண்ணிகளை அறுக்கிறது. கம்பளியும் பட்டும் அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அவற்றின் பிணைப்பைக் காரம் அறுக்கிறது. கம்பளியின் புரதமான கெரட்டினில் கந்தகம் உண்டு, பட்டின் புரதமான பைப்ராயினில் அது கிட்டத்தட்ட இல்லை. எனவே காரத்தில் கரைந்த இழைக்கரைசலில் லெட் அசிட்டேட் சேர்த்தால் கம்பளிக் கரைசல் கறுக்கும், பட்டுக் கரைசல் கறுக்காது. கரைசலில் பிறக்கும் ஈய சல்பைடே அந்தக் கறுப்பு. ஆய்வகத்தில் எரியும் கம்பளியிலிருந்து எழும், முடி கருகியது போன்ற வாடை மனித மயிருக்கும் கம்பளிக்கும் கெரட்டின் பொதுவாக இருப்பதால் வருவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் துணிச் சோதனையின் கவனம் முழுவதும் பட்டின்மேல் திரும்பியது. கூட்டிலிருந்து எடுத்த பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து, செரிசின் என்னும் பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். இந்த இழப்பை ஈடுகட்டவெனத் தொடங்கிய சாயப்பட்டறைகள், வெள்ளீய குளோரைடுக் கரைசலிலும் பாஸ்பேட், சிலிக்கேட் கரைசல்களிலும் பட்டை மாறி மாறி முக்கி, உலோக உப்புகளை இழைக்குள் படியவைத்து எடை ஏற்றின. இழந்த எடையை மீட்பதோடு நில்லாமல், பட்டின் எடைக்கு நிகராகவும் அதற்கு மேலும் உப்பு ஏற்றிய துணிகள் சந்தைக்கு வந்தன. அவை கைக்குக் கனமாகவும் மடிப்பு விழும்போது மிடுக்காகவும் இருந்தன. ஆனால் சில ஆண்டுகளில் மடிப்புகளில் தாமாகவே கிழிந்தன. அக்கால மேல்நாட்டுப் பட்டு உடைகள் பல இன்று அருங்காட்சியகங்களில் கீற்றுக் கீற்றாக உதிர்வதற்கு இந்த வெள்ளீயம் ஒரு முதன்மைக் காரணம்.

எரித்துப் பார்க்கும் சோதனை மதிப்புப் பெற்றதில் இந்த மோசடிக்குப் பெரும் பங்குண்டு. தூய பட்டிழை தீயில் சுருண்டு மெல்ல எரிந்து, சுடரை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய மணியாக முடிகிறது. எடை ஏற்றிய பட்டோ எரிந்த பின்னும் நெசவின் வடிவம் கலையாமல் உலோகச் சாம்பலாக அப்படியே நிற்கிறது. இங்கே பிடிபடுவது செயற்கை இழை அன்று; புழு நூற்ற பட்டேதான். இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒரு துணி நேர்மையான துணியாகிவிடாது என்பதை, பாடநூலின் இரு தலைப்புகளும் தோன்றுவதற்கு முன்பே தீ காட்டிவிட்டது.

பட்டுக்கு மாற்று தேடும் முயற்சி பட்டுத் தொழிலின் பேரிடரோடு சேர்ந்தே வளர்ந்தது. பெப்ரின் என்னும் நோய் பிரான்சின் பட்டுப்புழு வளர்ப்பை நாசமாக்கியதால், 1865 முதல் லூயி பாஸ்டர் தென்பிரான்சில் தங்கி அதை ஆராய்ந்தார். மறுபக்கம், 1846இல் கிறிஸ்டியன் ஷோன்பைன் பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் இட்டு உருவாக்கிய வெடிபஞ்சு, அதாவது நைட்ரோ செல்லுலோஸ், ஈதரும் சாராயமும் கலந்த நீர்மத்தில் கரையக்கூடியதாக இருந்தது. பிசின் போன்ற இந்தக் கரைசலை நுண்துளை வழியே பீச்சினால் காற்றில் உலர்ந்து இழையாகும். மின்விளக்குக்குக் கரி இழை தேடிய ஜோசப் ஸ்வான் 1883இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்று, அந்த இழையால் பின்னிய சிறு துணிகளை 1885இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். அதைத் தொழிலாக வளர்த்தவர் பிரெஞ்சுப் பிரபுவான ஹிலேர் டி சார்டோனே. 1884இல் காப்புரிமை பெற்று, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தமது துணிகளைக் காட்டிய அவர், 1890களின் தொடக்கத்தில் பெசான்சோன் நகரில் ஆலை நடத்தினார்.

வெடிபஞ்சால் செய்த ஆடை நெருப்புப்பொறி பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சல்பைடு உப்புக் கரைசலில் முக்கி நைட்ரேட்டை நீக்கிய பின்னரே சார்டோனே பட்டு அணியத்தக்கதாயிற்று. ஆனாலும் அதில் சிறிதளவு நைட்ரேட் எஞ்சியது. கந்தக அமிலத்தில் கரைத்த டைபினைலமைன் என்னும் பொருளை ஒரு துளி விட்டால் இழை ஆழ்ந்த நீல நிறம் கொண்டது. வேறெந்தச் செயற்கைப் பட்டும் இந்த நீலத்தைத் தராததால், இது சார்டோனே பட்டுக்கு மட்டுமே உரிய அடையாளமாக நெசவு வேதியியல் கையேடுகளில் இடம்பெற்றது. பின்னர் அந்த இழையே சந்தையிலிருந்து மறைந்தபோது சோதனையும் பயனற்றுப்போனது.

அடுத்து வந்த போலிப் பட்டின் முன் தீ தோற்றது. 1892இல் இங்கிலாந்தின் சார்லஸ் கிராஸ், எட்வர்ட் பெவன், கிளேட்டன் பீடில் ஆகிய மூவர் மரக்கூழை எரிகாரத்திலும் கார்பன் டைசல்பைடிலும் வினைபுரியச் செய்து தேன் போன்ற கெட்டி நீர்மமாக்கி, அதை அமிலத் தொட்டிக்குள் பீச்சி மீண்டும் செல்லுலோஸ் இழையாக்கும் விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். துக்கம் காக்கும் பெண்கள் அணியும் கறுப்புப் பட்டுத் துணியால் செல்வம் ஈட்டிய கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம், அத்துணிக்குத் தேவை குறைந்துவந்த காலத்தில், 1904இல் இதன் உரிமையை வாங்கிப் பெருந்தொழிலாக்கியது. 1924 முதல் ரேயான் என்ற பெயர் வழக்குக்கு வந்தது. இந்த இழை ஆலையில் பிறந்தது, பட்டுபோல் மின்னுவது. ஆனால் பொருளால் அது பருத்திக்கும் மரத்துக்கும் உரிய அதே செல்லுலோஸ். சுடரில் காட்டினால் பருத்தியைப் போலவே மஞ்சள் சுடருடன் விரைந்து எரிகிறது, காகிதம் எரியும் வாடை தருகிறது, மென்சாம்பலை விடுகிறது. பட்டிலிருந்து அதைப் பிரிக்கத் தீயால் எளிதில் முடியும். பருத்தியிலிருந்து அதைப் பிரிக்கத் தீயால் இயலாது. தீ கேட்பது இழை எங்கே பிறந்தது என்னும் கேள்வியை அன்று, எதனால் ஆனது என்னும் கேள்வியை. இயற்கை, செயற்கை என்னும் பிரிவு வணிகத்துக்கும் சட்டத்துக்கும் உரிய பிரிவு. செல்லுலோஸ், புரதம், உருகும் பலபடி என்பதே சுடர் அறிந்த பிரிவு. பாடநூல்கள் விஸ்கோஸை மரக்கூழிலிருந்து செய்த செயற்கை இழை எனச் சேர்த்தும் சேர்க்காமலும் தடுமாறுவதற்குக் காரணம், இந்த இரண்டு பிரிவுகளையும் ஒன்றெனக் கொண்டதே.

முதல் உலகப் போரில் விமான இறக்கைத் துணிக்குப் பூசப்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட், போர் முடிந்ததும் சுவிட்சர்லாந்தின் டிரைபஸ் சகோதரர்களால் இழையாக்கப்பட்டு 1920களில் சந்தைக்கு வந்தது. அது எரியும்போது புளிக்காடியின் வாடை எழும், அசிட்டோனில் கரையும். அதன்பின் வந்தவை செடியும் விலங்கும் தராத மூலப்பொருள்களால் ஆனவை. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான் 1938இல் அறிவிக்கப்பட்டு, 1940 மே மாதம் பெண்களின் காலுறையாக நாடெங்கும் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் அது வான்குடைத் துணியாகப் போருக்குப் போயிற்று. 1941இல் மான்செஸ்டரில் ஜான் வின்பீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். இவ்விரண்டும் சுடருக்கு அருகே வருமுன்பே சுருங்கி உருகுகின்றன. உருகியது சொட்டி, ஆறியதும் நசுக்க முடியாத கடின மணியாகிறது. பாலியஸ்டர் கரும்புகையுடன் எரிகிறது. இவற்றைத் தம்முள் பிரிக்கப் பார்மிக் அமிலம் உதவியது: நைலான் அதில் கரையும், பாலியஸ்டர் கரையாது. பல நிறச் சாயங்களின் கலவையில் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு நிறம் ஏற்கும் வகையில் மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிறுவனம் 'ஷர்லாஸ்டெயின்' என்னும் சோதனைச் சாயத்தை உருவாக்கித் தந்தது.

இச்சோதனைகள் பள்ளிக்குள் நுழைந்தது வேதியியல் வகுப்பின் வழியாக அல்ல, மனையியல் வகுப்பின் வழியாக. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியலாளரான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வழிநடத்திய மனையியல் இயக்கம், வீட்டுக்கு வாங்கும் பாலையும் மாவையும் துணியையும் பெண்கள் தாமே சோதித்தறிய வேண்டும் என்று வலியுறுத்தியது. 1913இல் மேரி ஷெங்க் உல்மனும் எலன் மக்கோவனும் எழுதிய நெசவுத்துணிக் கையேடு மாணவிகளையும் வாங்குபவர்களையும் ஒருசேர நோக்கியே வெளியிடப்பட்டது. சட்டம் அதற்குப் பின்னரே வந்தது: கம்பளித் துணிக்கு 1939இலும், எல்லா இழைகளுக்கும் 1958இலும், துணியின் சேர்மானத்தைச் சீட்டில் அச்சிட வேண்டும் என அமெரிக்கா சட்டமியற்றியது. இடையில் 1953இல் எளிதில் தீப்பற்றும் துணிகளுக்கு எதிரான சட்டம் வரக் காரணமானவை செயற்கை உருகிழைகள் அல்ல. மேற்பரப்பில் நார் எழுப்பப்பட்ட ரேயான் மேற்சட்டைகளும் சிறுவர்களின் விளையாட்டு உடைகளும் நொடியில் பற்றி உயிர்களைப் பறித்ததே காரணம். சோதனை அறிந்த இல்லத்தரசி கேட்ட கேள்விகளைச் சட்டம் பின்தொடர்ந்தது எனலாம்.

இந்தியாவிலும் வழி ஏறத்தாழ அதுவே. 1932இல் டில்லியில் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரியும் 1957இல் கோயம்புத்தூரில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் துணியியலைப் பாடமாகக் கற்பித்தன. செயற்கை இழைத் தொழில் நாட்டுக்குள் வந்தது விடுதலைக்குப் பின். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை 1950இல் கேரளத்தின் பெரும்பாவூர் அருகே விஸ்கோஸ் இழை உற்பத்தியைத் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் நாக்தாவிலும், பவானி ஆற்றங்கரையில் சிறுமுகையிலும் விஸ்கோஸ் ஆலைகள் தொடர்ந்தன. சிறுமுகை ஆலையின் கழிவு பவானியைக் கெடுத்ததும் அதற்கெதிராக மக்கள் போராடியதும், ஆலை பின்னர் மூடப்பட்டதும் கொங்குப் பகுதி அறிந்த வரலாறு. 1960களில் நைலானும் டெரிலின் என்னும் பாலியஸ்டரும் வந்தபின், மூன்றில் இரு பங்கு பாலியஸ்டரும் ஒரு பங்கு பருத்தியும் கலந்த டெர்ரிகாட்டன் சட்டைத்துணி நடுத்தரக் குடும்பங்களின் பெருமையாயிற்று.

இந்தக் கலப்புத் துணி சோதனையைக் குழப்பியது. பருத்தி எரியும் திரியாக நின்று, உருகிய பாலியஸ்டரைச் சொட்டவிடாமல் தாங்கிக்கொள்வதால், டெர்ரிகாட்டன் இரண்டு இழைகளின் தனிக் குணத்தையும் காட்டாமல் தொடர்ந்து எரிகிறது. தனிப் பாலியஸ்டரைவிட அதன் தீ ஆபத்தானது. நூலாக நூற்கும்போதே இரண்டு நார்களும் கலக்கப்பட்டிருப்பதால் ஓர் இழையை உருவி எரித்தாலும் விடை தெளிவதில்லை. கலப்பு நூலில் இல்லாமல் நெசவில் மட்டும் இருந்தால் நீளவாக்கு நூலான பாவையும் குறுக்கு நூலான ஊடையையும் தனித்தனியே பிரித்து எரிக்க வேண்டும். பட்டுப் பாவும் வேறு ஊடையும் கொண்ட சேலையில் ஒன்றை மட்டும் சோதித்தவர் ஏமாறுவார். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு வாங்குவோர் முந்தானை நுனியில் ஓரிழை உருவிக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதை முறையான சான்றாக்கும் முயற்சியாக 2004இல் மத்திய பட்டு வாரியத்தின் சார்பில் பட்டு முத்திரைத் திட்டம் தொடங்கப்பட்டது.

தீயின் எல்லையை மற்றொரு துணியும் காட்டுகிறது. இந்தியாவின் முதல் தொழில் தரநிலை, 1951இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கு உரியது. 2002இன் கொடி விதித்தொகுப்பு கையால் நூற்றுக் கையால் நெய்த கதரையே கோரியது. 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தம் பாலியஸ்டரையும் இயந்திரத்தில் செய்த கொடியையும் அனுமதித்தது. பாலியஸ்டர் கொடியைப் பருத்திக் கொடியிலிருந்து சுடர் நொடியில் பிரித்துவிடும். ஆனால் கைராட்டையில் நூற்ற பருத்தியையும் ஆலையில் நூற்ற பருத்தியையும் பிரிக்க எந்தச் சுடருக்கும் அமிலத்துக்கும் ஆற்றல் இல்லை. கதரின் சிறப்பு இழையின் பொருளில் இல்லை, நூற்றவரின் உழைப்பில் உள்ளது. அதைச் சான்றிதழால் மட்டுமே காக்க முடியும்.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு பத்தாம் வகுப்புவரை அறிவியலை எல்லோருக்கும் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தபின், துணிச் சோதனை மனையியலிலிருந்து பொது அறிவியலுக்கு நகர்ந்தது. 2005ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தை ஒட்டித் தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி பயிற்சிக் குழு வெளியிட்ட நூல்களில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இழையிலிருந்து துணிவரை என்ற பாடமும், எட்டாம் வகுப்புக்குச் செயற்கை இழைகளும் நெகிழிகளும் என்ற பாடமும் இருந்தன. எட்டாம் வகுப்பில் நூல்களைத் தாங்கியில் கட்டித் தட்டைத் தொங்கவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அறுபடும் எடையை ஒப்பிடும் சோதனையும் இருந்தது. நூல்களின் தடிமன் சமமாக இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு பொருளற்றது என்பதை ஆசிரியர் சொன்னால் அன்றி மாணவர் உணர்வதில்லை. 2022ஆம் ஆண்டின் பாடக்குறைப்பில் இந்த மூன்று பாடங்களும் நீக்கப்பட்டன. தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் பலபடி வேதியியல் என்ற தலைப்பில் இப்பொருள் இடம்பெற்றது.

இச்சோதனையை நடத்தும் ஆசிரியர்கள் வழக்கமான ஐந்து துணிகளோடு விஸ்கோஸ் துண்டு ஒன்றையும் சேர்ப்பது நல்லது. தீ அதைப் பருத்தி என்றே சொல்லும். எடைத் தட்டு வேறு விடை தரும். பருத்தி நூல் நனைந்தால் வலுக்கூடுகிறது, விஸ்கோஸ் நூலோ நனைந்தால் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. ஆகவே இரண்டு நூல்களையும் முதலில் உலர்ந்த நிலையிலும் பின்னர் நனைத்தும் தட்டில் தொங்கவிட்டு, எவ்வளவு எடையில் அறுபடுகின்றன என்பதை மாணவர்களே அளந்து எழுதச் செய்ய வேண்டும்.